போலந்து ராணுவ பேட்ஜ் மூணு, ஒரே லாட்: அசலா நகலா, எப்படிப் பார்க்கறதுங்க?

நொய்யல்கரை:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல பழைய சாமான் வியாபாரி ஒருத்தர்கிட்ட போலந்து ராணுவ பேட்ஜ் மூணு வந்திருக்குது. மூணுக்கும் சேர்த்து 42,000 சொல்றாருங்க. பிரிச்சுக் குடுக்க மனசில்லை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சுப் பாருங்கன்னு கையில குடுத்துட்டாரு. நம்ம ஊருக் காசு, பிரிட்டிஷ் மெடல்னா ஓரளவு பார்த்துருவேன். போலந்துச் சாமான் பழக்கமில்லை.

1) ரெஜிமென்ட் பேட்ஜ். சிலுவை வடிவம், நாலு கையிலயும் சிவப்பு, நீல எனாமல், நடுவுல கழுகு. பின்னாடி திருகு. வட்ட நட்டுல 'விக்டர் கோன்டார்ச்சிக், வார்சா, மியோடோவா 19'னு எழுத்து இருக்குது. 1930-கள்ல செஞ்சதுன்னு சொல்றாரு.

2) தொப்பிக் கழுகு. மஞ்சள் பித்தளை, தலையில கிரீடம், காலுக்குக் கீழ கேடயம். பின்பக்கம் சொரசொரன்னு இருக்குது, செம்புக் கம்பி வளையம் ரெண்டு. கோலாப்பூர் போலந்து அகதி முகாம்ல இருந்து வந்ததாம்.

3) பாராசூட் பேட்ஜ். தலைகீழாப் பாயற கழுகு, கால்ல தங்க நிற மாலை. பின்னாடி எண்ணும் 'தோபியே ஓய்ச்சிஸ்னோ'ங்கற வாசகமும்.

போட்டோ இணைச்சிருக்கேன். லேப்புக்குப் போகாம, வீட்டுலயோ பட்டறையிலயோ வெச்சு எதையெல்லாம் பார்க்கலாம்? கழுகோட பின்பக்கத்தைப் பார்த்தாலே வார்ப்புன்னு தெரியுது, அதனால அது நகல்தான்னு நினைக்கிறேன். நட்டுல பேர் இருக்கறதால முதலாவது நல்லதுன்னு தோணுது. சரிதானுங்களா?

—

வெள்ளலூரான்:

தம்பி, நீங்க நினைச்சிருக்கறது ரெண்டுமே தலைகீழா முடிய வாய்ப்பிருக்குதுங்க. போலந்து பேட்ஜை ஒரே அளவுகோலை வெச்சு அளக்க முடியாது. அந்த ராணுவம் 1939-க்கு அப்புறம் பிரான்ஸ், பிரிட்டன், சோவியத் ரஷ்யா, ஈரான், பாலஸ்தீனம், எகிப்து, இத்தாலின்னு அலைஞ்ச ராணுவம். போன இடத்துல இருந்த பட்டறையில, கிடைச்ச உலோகத்துல பேட்ஜ் செஞ்சுக்கிட்டாங்க. அதனால முதல் கேள்வி 'இது எந்த ஊர்ல, எந்த வருசம் செஞ்சதுன்னு சொல்றாங்க'ங்கறது. அந்த ஊர்ல அந்த வருசம் இப்படித்தான் செஞ்சாங்களாங்கறது ரெண்டாவது. இந்த ரெண்டும் ஒட்டலைன்னா மேல பார்க்க வேண்டியதே இல்லை.

கழுகுல இருந்தே ஆரம்பிக்கறேன். 1941, 42, 43-ல பாலஸ்தீனம், எகிப்து, ஈராக் பக்கம் இருந்த போலந்துப் படைக்கு வார்சா பட்டறை எதுவும் கிடையாது. உள்ளூர்ல மணல் வார்ப்புல கழுகு வார்த்தாங்க. பின்பக்கம் மணல் பொரி (மணல் பட்ட சொரசொரப்பு), கம்பி வளையம், கோணல்மாணலான அரத் தேய்ப்பு எல்லாம் அந்தச் சாமானுக்கு இருக்கவேண்டியதுதான். ஆக 'வார்ப்பு, அதனால போலி'ங்கற சூத்திரம் இங்க செல்லாது. அதே மணல் பொரி வார்சா ரெஜிமென்ட் பேட்ஜ் பின்னாடி இருந்தா தூக்கிப் போட்டுரலாம். வார்சாக்காரங்க எஃகு அச்சுல அடிச்சவங்க.

கிரீடத்தையும் கவனிங்க. 1939 வரைக்கும் இருந்த போலந்து ராணுவத்துக்கும், அப்புறம் மேற்கு நாடுகளோட சேர்ந்து சண்டை போட்ட படைக்கும் கழுகுல கிரீடம் உண்டு. 1943-ல சோவியத் மண்ணுல உருவான கோஷ்சியூஷ்கோ டிவிஷன் கிரீடமில்லாத கழுகை எடுத்துக்கிச்சு. போருக்கு அப்புறம் கம்யூனிஸ்ட் ஆட்சி முழுக்க அப்படியேதான். 1990-லதான் கிரீடம் திரும்ப வந்துச்சு. ஆக கிரீடமில்லாத கழுகோட '1944-ல இத்தாலியில நடந்த மோன்டே காசினோ சண்டையில இருந்தது'ன்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துரலாம். ஒரு விதிவிலக்கு: முதல் உலகப்போர் காலத்து ரைஃபிள் சங்கக் கழுகுக்கும் கிரீடம் கிடையாது, அது கேடயத்துல எஸ் எழுத்து இருக்கும்.

இப்ப ரெஜிமென்ட் பேட்ஜ். ரெண்டு போருக்கும் நடுவுல ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனக்குன்னு பேட்ஜ் வெச்சிருந்துச்சு. வடிவத்தை ராணுவ அமைச்சகம் ஒப்புக்கிட்டு தன்னோட ஆணைத் தொகுப்புல வெளியிடும். அதனால வடிவம், எழுத்து, வண்ணம் மூணுக்கும் ஆவணம் இருக்குது. அதுக்கும் முன்னாடி எண்ணைப் பாருங்க. காலாட்படை ரெஜிமென்ட் எண் 86-ஐத் தாண்டாது, நடுவுல சில எண் விட்டும் போயிருக்கும். போட்ஹாலே மலைப்பகுதி ரெஜிமென்ட் 6. குதிரைப்படையில உலான் (ஈட்டி வீரர்) 27, ஷ்வோலெஷெர் (இலகு குதிரைப்படை) 3, குதிரை ரைஃபிள் 10. உலான் 31-னு ஒரு பேட்ஜ் வந்தா அது யாரோ கற்பனையில செஞ்சது. இந்த மாதிரி கற்பனைச் சாமான் இணைய ஏலத்துல தாராளமா ஓடுது.

குதிரைப்படைன்னா எனாமல் நிறத்தையும் சரிபார்க்கணும். ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஈட்டிக் கொடி நிறம் தனி. முதலாம் உலான் ரெஜிமென்ட்டுக்கு ஆழ்ந்த சிவப்பும் வெள்ளையும். நகல் செய்யறவன் போட்டோவைப் பார்த்துச் செய்யறதால ஆழ்ந்த சிவப்பை ஆரஞ்சுக்கும் கருநீலத்தை வெளிர்நீலத்துக்கும் தள்ளிருவான்.

அதிகாரிக்கு வெள்ளியிலயோ டாம்பக்லயோ எனாமல் வெச்சது, சிப்பாய்க்கு எனாமல் இல்லாத வெறும் உலோகம், இப்படி ஒரே ரெஜிமென்ட்டுக்கே ரெண்டு தரம் இருக்கறது வழக்கம். டாம்பக்னா செம்பு தூக்கலா, துத்தநாகம் குறைச்சலா இருக்கற பித்தளைதான், கொஞ்சம் செம்மண் நிறம் அடிக்கும். சிப்பாய் தர வடிவத்துல எனாமல் ஊத்தி அதிகாரி தரம்னு விக்கறதும் நடக்குது.

நட்டு விசயம். கோன்டார்ச்சிக் வார்சாவுல மியோடோவா தெரு 19-ல இருந்த பெரிய பட்டறை, சந்தேகமில்லை. ரைசிங், ஷ்டைன்லாகியர் சகோதரர்கள், மிக்ரோவ்ஸ்கி, லுவூவ் நகரத்து உங்கெர் இவங்களும் அந்தக் காலத்துப் பேருங்கதான். ஆனா நட்டு கழட்டி மாட்டற சாமான் தம்பி. உடைஞ்ச அசல் பேட்ஜ்ல இருந்து எடுத்த நட்டை நகல்ல மாட்டறது பழைய வித்தை. இப்ப நட்டை மட்டுமே நகல் அடிச்சுத் தனியா விக்கறாங்க. நட்டைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, அது இல்லாமயே பேட்ஜ் நிக்குதான்னு பாருங்க.

மூணாவதைப் பத்தி ராத்திரி எழுதறேன்.

—

கணபதி_டூல்ரூம்:

வெள்ளலூரண்ணன் சொன்னதோட, பட்டறை ஆளாப் பார்க்க வேண்டியதைச் சொல்றேனுங்க. பத்து எக்ஸ் லென்ஸ், வெர்னியர், 0.01 கிராம் காட்டற தராசு, சாய்வா அடிக்க ஒரு டார்ச். இது போதும்.

எல்லாரும் முகத்தைப் பார்க்கறாங்க. நீங்க விளிம்பைப் பாருங்க. அச்சுல அடிச்சு வெளிய வெட்டின தகட்டுல விளிம்பு ரெண்டு பட்டையா இருக்கும். மேல பாதி பஞ்ச் உரசி வழவழன்னு மினுங்கும், கீழ் பாதி பிஞ்ச மாதிரி மங்கலா இருக்கும். பிரஸ் ஓட்டினவங்களுக்கு இது மனப்பாடம். கையால கம்பி வாள் வெச்சு அறுத்திருந்தா சந்து பொந்துக்குள்ள மேலிருந்து கீழா மெல்லிசான கோடு தெரியும், அரம் போட்ட எடத்துல கோணம் மாறும். வார்சாச் சாமான்ல இந்த ரெண்டும் வரலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சீரான மங்கல் விளிம்புன்னா அது மின்பொறியால அறுக்கற வயர்கட் மெசினோ லேசரோ. 1930-ல ரெண்டும் கிடையாது. விளிம்போட நடுவுல சுத்திலும் ஒரு முடி அளவு கோடு ஓடுதுன்னா அது மோல்டு சேர்ற கோடு.

அடுத்து பள்ளத்துக்குள்ள பாருங்க, மேட்டுல பார்க்காதீங்க. மேடு பழசுலயும் தேஞ்சிருக்கும், புதுசுலயும் தேய்ச்சிருப்பாங்க. கழுகு இறகுக்கு நடுவுல இருக்கற பள்ளம், எழுத்தோட அடிவாரம் இதெல்லாம் தேயாது. அச்சுல அடிச்சதுன்னா அங்க முனை கூர்மையா, சுவரும் தரையும் சேர்ற எடம் மூலையா நிக்கும். வார்ப்புன்னா அதே மூலை உருண்டு, சோப்பு கரைஞ்ச மாதிரி இருக்கும், ஊசிமுனை அளவு குழி தெரியும். சிலசமயம் குழிக்குப் பதிலா சின்ன உருண்டை மேடு இருக்கும். மோல்டுல காத்துக்குமிழி இருந்து அதுல உலோகம் நிறைஞ்சா அப்படி வரும். அச்சுல அடிச்ச பேட்ஜ்ல, அச்சு துருப்பிடிச்சிருந்தா ஒழிய, உருண்டை மேடு வராது.

அளவு சுருங்கறது நம்ம ஃபவுண்டரி ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அசலை வெச்சு மோல்டு எடுத்துப் பித்தளையில வார்த்தா ஒன்றரை சதவீதம் போகும். 45 மில்லி இருந்தது 44.3-க்கு வந்துரும். மெழுகு வார்ப்புன்னா மெழுகும் சுருங்கும், இன்னும் குறையும். அதனால நல்ல ஏல நிறுவனமோ மியூசியமோ போட்டிருக்கற அளவோட ஒப்பிடுங்க. ஆனா பட்டறைக்குப் பட்டறை அச்சு வேற, அரை மில்லி வித்தியாசத்தை மட்டும் வெச்சு தீர்ப்புச் சொல்லிராதீங்க. மொத்த அளவு, நடுக்கழுகோட அகலம், எழுத்து உயரம் மூணும் ஒரே விகிதத்துல குறைஞ்சிருக்குதான்னு பாருங்க. அப்படி இருந்தா வார்ப்பு நகல்னு ஏறக்குறைய முடிவு.

எண்ணு. கையால பஞ்ச் வெச்சுச் சுத்தியல்ல அடிச்ச எண்ணு நேரா வரிசையா நிக்காது. ஒண்ணு ஆழம், ஒண்ணு லேசு, ஒண்ணு சாயும். இலக்கத்தைச் சுத்தி உலோகம் ஒதுங்கி லேசா மேடு கட்டியிருக்கும், சாய்வு வெளிச்சத்துல நெகத்தை ஓட்டினாத் தெரியும். வார்ப்போடவே வந்த எண்ணுக்கு இந்த ஒதுங்கின மேடு இருக்காது, அடிப்பகுதி உருண்டிருக்கும். லேசர்ல போட்டதுன்னா எல்லா இலக்கமும் ஒரே ஆழம், உள்ள கருகின மாதிரி பொடிப்பொடியா இருக்கும்.

இன்னொண்ணு, எடையை வெச்சு உலோகம் கண்டுபிடிக்கறது. காத்துல எடை போடுங்க. அப்புறம் தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஜீரோ பண்ணிட்டு, பேட்ஜை மெல்லிசு நூல்ல கட்டி, அடியிலயும் சுவத்துலயும் படாம தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. இப்பத் தராசு காட்டற கிராம்தான் பேட்ஜோட கன அளவு, சி.சி. கணக்குல. காத்து எடையை இதால வகுங்க. 800 வெள்ளி (ஆயிரத்துல 800 பங்கு வெள்ளி) 10-க்குக் கொஞ்சம் மேல வரும். டாம்பக் 8.7 பக்கம், பித்தளை 8.4, ஜமாக்னு சொல்ற துத்தநாகக் கலவை 6.6 பக்கம். குமிழி ஒட்டிருந்தா கணக்கு கெட்டுப்போகும், தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விடுங்க. நட்டைக் கழட்டிட்டுத்தான் போடணும்.

—

கொலுசுப்பட்டறை_சேலம்:

எனாமலைப் பத்தி யாரும் வாய் திறக்கலை, நான் சொல்றேன்.

பழைய பேட்ஜ்ல இருக்கறது சூட்டு எனாமல், அதாவது கண்ணாடிப் பொடியை நிரப்பி 700, 800 டிகிரியில உருக்கினது. நகல்ல இருக்கறது பெரும்பாலும் ரெசின், கலர் கலந்து ஊத்திக் காய வெச்சது. சூட்டு எனாமலை ஆறினதும் கல்லு வெச்சு உரசி, உலோகக் கரையோட மட்டமாக்குவாங்க. அதனால வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா கரையும் எனாமலும் ஒரே தளமாப் பளபளக்கும். ரெசின் நடுவுல குழிஞ்சோ உப்பியோ நிக்கும், கரையோரம் ஏறிப் பிடிச்சிருக்கும். ஓரத்துல தெறிச்சிருந்தா ரொம்ப நல்லது, அங்கதான் உண்மை தெரியும். கண்ணாடி சிப்பி மாதிரி வளைவா, கூரா உடையும். ரெசின் பிளாஸ்டிக் மாதிரிப் பிய்யும்.

கண்ணுக்குப் படாத ஒரு ஓரத்துல ஊசியை லேசா வெச்சு அழுத்துங்க. கண்ணாடில வழுக்கும், ரெசின்ல பாயும். குமிழியை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டுலயும் குமிழி வரும். சூடு பண்ணின ஊசி வைக்கறது, நெருப்பு காட்டறதெல்லாம் வேண்டாம். அசலா இருந்தா நீங்களே கெடுத்தவராயிருவீங்க.

கணபதிக்காரர் சொன்ன ஜமாக்கையும் எனாமலையும் சேர்த்துப் பாருங்க. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிரும். அது மேல 700 டிகிரி எனாமல் எப்படி ஏறும்? அடர்த்தி 6.6 வந்துச்சுன்னா எனாமல் எவ்வளவு அழகா இருந்தாலும் அது ரெசின்தான்.

வெள்ளின்னு சொன்னா உரைகல், ஆசிட் பக்கமே போகாதீங்க. எனாமல் பக்கத்துல நைட்ரிக் பட்டா போச்சு. ஹால்மார்க் சென்டர்ல எக்ஸ்ரே மெசின்ல வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஆனா அந்த மெசின் மேல்தோலைத்தான் படிக்கும். வெள்ளி முலாம் கனமா இருந்தா வெள்ளின்னே காட்டும். திருகு அடிவாரம், தேஞ்ச மேடு, விளிம்பு, இந்த மூணு எடத்துலயும் தனித்தனியா வைக்கச் சொல்லுங்க. மூணும் ஒத்து வந்தாத்தான் நம்பலாம். எனாமல் மேலயே வெச்சா ஈயம் காட்டுதான்னு கேளுங்க. பழைய எனாமல்ல ஈயம் கலந்திருக்கும், ரெசின்ல பெரும்பாலும் அப்படி வராது. ஈயம் போட்ட எனாமல் இப்பவும் செய்யறாங்கங்கறதால ஈயம் இருக்குதுன்னே பழசுன்னு ஆகாது.

முத்திரையில ஒரு சுலபமான பொறி. போருக்கு முந்தின போலந்து வெள்ளித் தரம் 940, 875, 800. முத்திரையில தலையும் பக்கத்துல 1, 2, 3-னு தர எண்ணும் வரும். 925 அங்க 1963-க்கு அப்புறம் வந்தது. 1930 வார்சா பேட்ஜ்ல 925-னு அடிச்சிருந்தா விட்டுருங்க. பிரிட்டன்ல செஞ்ச போர்க்காலச் சாமான்ல ஸ்டெர்லிங்னு (925 வெள்ளி) இருந்தா அது வேற கதை, அது நியாயம்தான். முத்திரையே இல்லைன்னாலும் பயப்பட வேண்டாம், நிறைய நல்ல பேட்ஜ்ல இருக்காது.

திருகு எப்படிப் பத்த வெச்சிருக்குதுன்னு பாருங்க. பழைய வேலையில கடினமான பத்து (சால்டர்), மெல்லிசாச் சுத்தி ஓடியிருக்கும், அடிவாரத்துல ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கும். வெள்ளையா, கொழகொழன்னு ஈயப்பத்து மேடு கட்டியிருந்தா பின்னால போட்டது. அது ரிப்பேரா இருக்கலாம், திருகு ஒடையறது சகஜம். விலை குறையுமே ஒழிய, அதாலயே போலின்னு ஆகாது. நடுக்கழுகு தனித் துண்டா இருந்தா பின்னாடி ரிவெட் முளையைத் தட்டி மட்டமாக்கினது தெரியணும். பசை போட்டு ஒட்டினதுன்னா ஓரத்துல மஞ்சளா ஒரு கோடு நிக்கும்.

கருப்பு ஏறினதை நம்பாதீங்க. எங்க ஊர்ல ஆக்சிடைஸ் கொலுசுக்கு அஞ்சு நிமிசத்துல நூறு வருசத்துக் கருப்பு குடுத்துருவோம். பழசுல கருப்பு பள்ளத்துலயும், வெளுப்பு மேட்டுலயும் ஒழுங்கில்லாம இருக்கும். துணி உரசற பின்பக்க விளிம்புதான் முதல்ல வழவழப்பாகும்.

—

வெள்ளலூரான்:

மூணாவதுக்கு வர்றேன்.

பாராசூட் பேட்ஜை 1941 ஜூன்ல, வெளிநாட்டுல இருந்த போலந்துப் படைக்குத் தலைவரான ஜெனரல் சிகோர்ஸ்கி ஏற்படுத்தினாரு, வடிவம் மரியான் வாலென்டினோவிச் வரைஞ்சது. எடின்பரோல கிர்க்வுட்ங்கற நிறுவனம் செஞ்சது. பின்பக்க வாசகத்துக்கு 'தாயகமே, உனக்கு'ன்னு அர்த்தம். பயிற்சிக் குதிப்புக்கு வெறும் கழுகு, சண்டையில குதிச்சவங்களுக்குக் கால்ல தங்க மாலை. போலந்துக்குள்ள ரகசியமாக் குதிச்ச 'சிஹோசியெம்னி' 316 பேர், அப்புறம் 1944 செப்டம்பர்ல நெதர்லாந்துல நடந்த ஆர்னெம் சண்டைக்கு டிரீல் பக்கம் எறங்கின போலந்து பாராசூட் பிரிகேட். ஆக மாலையோட இருக்கறதுக்கு மதிப்பு எங்கயோ இருக்குது, அதனாலதான் போலி அதிகம். போலந்துச் சாமான்லயே அதிகமா நகல் அடிக்கற பேட்ஜ் எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

ரெண்டு வேலை செய்யுங்க. முதல்ல எண்ணு. எந்த எண் யாருக்குப் போச்சுங்கற பட்டியல் போலந்து ஆய்வாளர்கள் கையில இருக்குது. லண்டன்ல இருக்கற போலிஷ் இன்ஸ்டிட்யூட், சிகோர்ஸ்கி மியூசியத்துக்கு எண்ணையும் படத்தையும் அனுப்பிக் கேட்கலாம். அதுக்கு முன்னாடி அந்த எண்ணை ஏலத் தளங்கள்ல தேடுங்க. ஒரே அசலை வெச்சு வார்த்தா எல்லா நகலுக்கும் ஒரே எண்தான் வரும். அதே எண் வேற எங்கயாச்சும் வித்திருந்தா, ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சு இலக்கத்தோட சாய்வு, இடைவெளி அச்சு அசலா ஒண்ணான்னு பாருங்க. ரெண்டாவது, மாலை. நல்ல வெறும் பேட்ஜ்ல பின்னால மாலையை ஒட்டி விலையை ஏத்தறது உண்டு. கால்நகம் மாலையைப் பிடிச்சிருக்கற எடத்தை லென்ஸ்ல பாருங்க.

கோலாப்பூர் கதை. வாலிவடே முகாம் உண்மை, 1943-ல இருந்து 48 வரைக்கும் சுமார் 5,000 போலந்துக்காரங்க இருந்தாங்க. ஜாம்நகர் பக்கம் பாலாசடியில குழந்தைங்க முகாம் ஒண்ணு, அதுவும் உண்மை. ஆனா வாலிவடேயில இருந்தவங்க முக்கால்வாசி பெண்களும் குழந்தைங்களும்தான், ஆம்பளைங்க படையில இருந்தாங்க. அப்பனோ அண்ணனோ அனுப்பின தொப்பிக் கழுகு அங்க வந்திருக்க வழி உண்டு. பாராசூட் பேட்ஜ் வர வழி ரொம்ப மெல்லிசு. அங்க சாரணர் இயக்கம் பலமா இருந்துச்சு. அதனால இந்தியாவுல நிஜமாக் கிடைக்கக்கூடியது போலந்துச் சாரணர் சிலுவை. கையில 'சுவாய்'னு வாசகம், சுத்தி இலை மாலை. அதை ராணுவ மெடல்னு விக்கறாங்க. அசலாவே இருந்தாலும் அது ராணுவச் சாமான் இல்லை.

இந்தமாதிரி கதையை முகாம் பேர் சொல்லாம, எந்தக் குடும்பம், யார்கிட்ட இருந்து யார் வாங்கினதுன்னு சங்கிலியாச் சொல்லச் சொல்லுங்க. ரெண்டாவது கண்ணியிலேயே நின்னுருச்சுன்னா அதுக்கு விலை போடாதீங்க.

—

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சொன்னபடியே பார்த்துட்டேன்.

ரெஜிமென்ட் பேட்ஜ்: நட்டு இல்லாம காத்துல 13.40 கிராம், தண்ணியில தராசு காட்டினது 2.02. எனாமல் ஓரத்துல ஊசி பாஞ்சுது. கழுகு இறகுப் பள்ளத்துல சின்ன உருண்டை மேடு மூணு தெரியுது. நட்டு மட்டும் தனியாப் பார்த்தா எழுத்து கூர்மையா, நல்லாத்தான் இருக்குது.

கழுகு: 21.60 கிராம், தண்ணியில 2.57. பின்பக்க மணல் பொரி விளிம்போரம் தேஞ்சு வழவழன்னு இருக்குது, நடுவுல மட்டும் சொரசொரப்பு. கம்பி வளையத்துல ஒண்ணுல துணி உரசின மாதிரி ஒரு பக்கம் மெலிஞ்சிருக்குது. மார்பு, கிரீடத்து நுனி மழுங்கல். பள்ளத்துல பழைய அழுக்கு, அசிட்டோன் பஞ்சுல வரலை.

பாராசூட்: எண் இலக்கம் எல்லாம் ஒரே ஆழம், அடி உருண்டிருக்குது, சுத்தி மேடு இல்லை. மாலை ஓரத்துல மஞ்சக் கோடு. அதே எண் ஒரு வெளிநாட்டு ஏலத் தளத்துல வித்திருக்குது, இலக்கச் சாய்வு உட்பட ஒண்ணுதான்.

பேட்ஜ் கூட ஒரு பழைய சான்றிதழ்த் தாளும் இருக்குதுன்னு இன்னைக்குச் சொல்றாரு, ரெஜிமென்ட் பேட்ஜுக்கானதாம்.

—

கணபதி_டூல்ரூம்:

13.40-ஐ 2.02-ஆல வகுத்தா 6.63. ரெசினும் சேர்ந்துதான் எடை, அதனால சுத்த உலோகம் இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஆனா பித்தளையா இருந்து இந்த அளவுக்கு எறங்கணும்னா பேட்ஜோட கன அளவுல கால்வாசி ரெசினா இருக்கணும், அப்படி ஒரு பேட்ஜ் கிடையாது. ஜமாக்தான். உருண்டை மேடு மூணு கண்டதுக்கு அப்புறம் வேற சாட்சி வேண்டாம்.

கழுகு 8.40, பித்தளை.

—

கொலுசுப்பட்டறை_சேலம்:

சான்றிதழைக் கையில வாங்கினா யு.வி. டார்ச் அடிங்க. ரூபா நோட்டு பார்க்கறதுக்கு விக்கற சின்ன டார்ச் போதும். வெள்ளைத் தாள் நீலமா ஜொலிச்சா அதுல வெளுப்புச் சாயம் இருக்குது, அந்தச் சாயம் காகிதத்துல பரவலா வந்தது 1950 வாக்குலதான். 1930 தாள் மங்கலா, மஞ்சளா நிக்கணும். ரப்பர் ஸ்டாம்பு மையை லென்ஸ்ல பாருங்க, புள்ளி புள்ளியா நாலு கலர் தெரிஞ்சா கலர் பிரிண்டர். டீத்தண்ணியில நனைச்ச தாள்னா மடிப்பு உள்பக்கமும் அதே கறை ஏறியிருக்கும்.

—

வெள்ளலூரான்:

தாள் நல்லதா இருந்தாலும் அந்த பேட்ஜை அது காப்பாத்தாது. ஜமாக் பேட்ஜுக்கு நிஜத் தாள் சேர்ந்திருந்தா தாளுக்கு மட்டும் விலை பேசலாம். நட்டும் நல்லதுன்னு தோணுச்சுன்னா அதுக்கும் ஒரு விலை உண்டு, நட்டில்லாத அசல் பேட்ஜ் வெச்சிருக்கறவங்க தேடறாங்க.

ஒரு வேறுபாடு மட்டும் சொல்லிர்றேன், வியாபாரிகிட்டப் பேசும்போது உதவும். எல்லா நகலும் ஏமாத்தறதுக்காகச் செஞ்சது இல்லை. போருக்கு அப்புறம் லண்டன்ல இருந்த பழைய சிப்பாய்கள், தொலைஞ்சதுக்குப் பதிலா தங்கள் சங்கம் மூலமாத் திரும்பச் செஞ்சு வாங்கிக்கிட்டாங்க. போலந்துலயே 1970, 80-கள்ல சேகரிப்பாளருக்குன்னு நல்ல அச்சுல அடிச்ச நகல் இருக்குது. அதுக்கே இப்ப நாப்பது வருசத் தேய்மானம் ஏறியிருக்கறதால பழசு மாதிரியே இருக்கும், சூட்டு எனாமல்கூட இருக்கும். அங்க விளிம்பும் உலோகமும் எனாமலும் பாஸ் ஆயிரும், அச்சுல இருக்கற நுணுக்கம்தான் காட்டிக் குடுக்கும். இறகு எண்ணிக்கை, எழுத்துல கோடு போட்ட எல், புள்ளி வெச்ச இசட் எங்க நிக்குது, இதையெல்லாம் நிச்சயமான அசல் படத்தோட ஒவ்வொண்ணா ஒப்பிடணும். வார்சாவுல போலந்து ராணுவ மியூசியத்துல இருக்கற படத்தை எடுத்துக்கோங்க, ஏலத்துல போட்ட படத்தை அளவுகோலா வெச்சுக்காதீங்க. இத்தாலியில 1945, 46-ல இரண்டாவது கோர்ங்கற போலந்துப் படைக்காக மிலான் நகரத்து லோரியோலி பட்டறை செஞ்ச பேட்ஜுக்கும் இதேதான், அதுல பேர் பின்பக்கத்துலயே அடிச்சிருக்கும்.

உங்க மூணாவதை விட்டுருங்க. அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை.

கழுகு எனக்குப் பிடிச்சிருக்குது. மணல் பொரி மேலயே தேய்மானம் விழுந்திருக்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியம். அசலை வெச்சுத் திரும்ப வார்த்த நகல்ல தேய்மானம் மோல்டோடவே வந்துரும். அது மேல புது மணல் பொரி படிஞ்சிருக்கும், அதாவது மழுங்கின மார்புலயும் பொரி தெரியும். உங்களுதுல மழுங்கின எடம் வழவழப்பு, பொரி பள்ளத்துல மட்டும். அது சரியான வரிசை. மத்திய கிழக்கு வார்ப்புன்னே நினைக்கிறேன். ஆனா இந்தக் கழுகுகளுக்கு எண்ணோ பட்டியலோ கிடையாது, அதனால 'நம்பத் தகுந்தது'ன்னுதான் சொல்ல முடியும், அதுக்கு மேல யாரும் உறுதி குடுத்தா அவங்களைச் சந்தேகப்படுங்க.

—

நொய்யல்கரை:

கழுகை மட்டும் கேட்டேனுங்க. பிரிக்க மாட்டேன்னாரு. 13.40, 2.02 கணக்கை எழுதிக் காட்டினதும் சரி, தனியா எடுத்துக்கோங்கன்னுட்டாரு. பித்தளை பாலீஷ் போட்டுச் சுத்தம் பண்ணலாமுங்களா? கோலாப்பூர் கதையை என்ன பண்றது?

—

வெள்ளலூரான்:

பாலீஷ் போட்டீங்கன்னா மணல் பொரியும் பள்ளத்து அழுக்கும் சேர்ந்து போயிரும், அப்புறம் அடுத்தவனுக்கு எதை வெச்சுக் காட்டுவீங்க? வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, மெல்லிசு பிரஷ், அவ்வளவுதான். நல்லாக் காய வெச்சுப் போடுங்க. பச்சையாப் பொடி வந்திருந்தா மூங்கில் குச்சியால அந்த எடத்தை மட்டும் சுரண்டுங்க. வளையத்தை வளைச்சுப் பார்க்காதீங்க, பழைய பத்து விட்டுரும். பி.வி.சி. கவர்லயோ ரப்பர் பேண்ட் போட்டோ வைக்காதீங்க. அமிலமில்லாத காகிதம், கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்துல பொட்டலத்தை மாத்திக்கோங்க.

கதையைத் தாள்ல எழுதி, யார் சொன்னது, என்னைக்குச் சொன்னதுன்னு போட்டு அவர்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கோங்க. எடை, அளவு, ரெண்டு பக்கப் படம், அதையும் அந்தத் தாளோடவே வெச்சிருங்க.